எலியாவின் இடது கை

எலியாவை நான் முதலில் பார்த்தது 1991ஆம் வருடம், ஓணம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேரள எல்லையோரம் பாறசாலையில் சதாசிவன் அண்ணனுடைய போட்டோ ஸ்டுடியோ மாடியில். சதாசிவன் அண்ணன் ஸ்டுடியோவோடு ஒரு கானமேளா ட்ரூப்பும் நடத்திவந்தார். கோயில் திருவிழா, கிறிஸ்தவ சபை ஆண்டுவிழா, கிளப் ஆண்டு நிறைவு என்று எங்கே கூப்பிட்டாலும் போய் மேடையேறி சினிமாப் பாட்டுகள் வாசித்துப் பாடுகிற குழு. பாடிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால் வேறு ஆள் தேடினார். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேலை செய்துகொண்டே நான் பாடுவதைக் கேட்டு, என் கணவர் மோகனன்தான் அங்கே கூட்டிப்போனார்.

இரண்டு பாட்டு பாடினேன். சதாசிவன் அண்ணனுக்குப் பிடித்திருந்தது. டிரம்ஸ் வாசிக்கிற ரெத்தினதாஸ் தலையாட்டினார். ஜன்னலோரம் ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடமும் சதாசிவன் அண்ணன் அபிப்பிராயம் கேட்டார்.

"தொண்ட உண்டு. காது இல்ல," என்றார் அவர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதுதான் எலியா. நெய்யாற்றின்கரை முதல் களியக்காவிளை வரைக்கும் அவரைத் தெரியாத பாட்டுக்காரர்கள் கிடையாது. குளத்தூரில் வீடு. அப்பா ஈசாக், சபையில் முப்பது வருடம் ஆர்மோனியம் வாசித்தவர். அக்கா ஆனந்தபாய் கல்யாணம் செய்துகொள்ளாமல் வீட்டிலேயே தையல் வேலை பார்த்தார். எலியா திருவனந்தபுரத்தில் கல்லூரியில் படித்தபோது நாலைந்து பேராகச் சேர்ந்து ராக் இசைக்குழு ஒன்று வைத்திருந்தார்கள். கொச்சியிலும் பெங்களூரிலும் போட்டிகளில் ஜெயித்தார்கள். குழு கலைந்தபிறகு ஸ்டுடியோக்களில் வாசிக்கலாம் என்று மெட்ராசுக்குப் போனார். எட்டே மாதத்தில் திரும்பி வந்தார். ஒரு இசையமைப்பாளர் எழுதிக்கொடுத்ததை எல்லார் முன்னாலும் தப்பு என்று சொல்லிவிட்டாராம். இந்தக் கதையை மற்றவர்கள் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று அவரே முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார்.

எங்கள் நிகழ்ச்சிகளில் நடுவே பத்து நிமிடம் அவருக்கென்று ஒதுக்கியிருந்தது. பாடுகிறவர்கள் போய் உட்கார்ந்துவிடுவோம். அவர் தனியாக நின்று, தானே உண்டாக்கிய ராக் இசையை வாசிப்பார். இடது கை கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் ஓடும். எந்த விரல் எங்கே போகிறது என்று கண்ணால் பிடிக்க முடியாது. அந்த மாதிரி இசையைக் கேட்டே இராத ஊர்கள் அவை. இருந்தும் அந்தப் பத்து நிமிடம் கூட்டத்தில் பேச்சு இருக்காது. மைதானத்து மூலையில் கடலை வறுக்கிறவர் சட்டியில் கரண்டி தட்டுவதை நிறுத்திவிட்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

வாசித்து முடித்தால் ஒரு கும்பிடு கிடையாது, சிரிப்பு கிடையாது. கூட்டத்திலிருந்து யாராவது பாட்டுப் பெயர் எழுதிச் சீட்டு அனுப்பினால், "இதுக்கு டேப் ரெக்கார்டர் போதும்" என்று திருப்பி அனுப்புவார். ஒரு பஞ்சாயத்து பிரசிடென்ட் மாலை போட வந்தபோது, பூவில் தண்ணீர் இருக்கிறது, கிட்டார் நனையும் என்று சொல்லி அந்த மாலையை வாங்கி ரெத்தினதாஸ் கழுத்தில் போட்டார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார். கிட்டாரை யாரும் தொடக்கூடாது. யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் மாட்டார். கூட்டம் அவருக்காக வருகிறது என்பதால் சதாசிவன் அண்ணன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். நாங்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் சதாசிவன் அண்ணன்.

நான் சேர்ந்து ஒரு வருடம் ஆனபோது காஞ்சிரங்குளத்தில் ஒரு கிளப் ஆண்டுவிழா. சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கினோம். என்னுடைய இரண்டாவது பாட்டில், சரணம் பாதியில் கிட்டார் நின்றது. கிட்டார் நின்றதும் மற்றவர்களும் நிறுத்தினார்கள். எலியா பக்கத்திலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"பாடுகிற ஆளு சுருதிக்கு வரட்டும். பிறகு தொடங்கலாம்," என்று மலையாளத்தில் சொன்னார்.

கூட்டம் சிரித்தது. என் மாமியாரும் நாத்தனாரும் முன்வரிசையில் இருந்தார்கள். நான் அந்தப் பாட்டைத் திரும்ப முதலிலிருந்து பாடி முடித்தேன். அடுத்த நான்கு பாட்டையும் பாடினேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மோகனன் எலியாவைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. இந்த ஆள் ஒரு நாள் இதே மாதிரி நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன். பல நாள் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைய நிகழ்ச்சியை சதாசிவன் அண்ணன் கேசட்டில் பதிவு செய்திருந்தார். ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். எலியா செய்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று மோகனனுக்குக் காட்டத்தான் அதைப் போட்டேன். அந்த இடம் வந்தது. என் குரல் கிட்டாருக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. ஒரு மயிரிழைதான். மோகனனுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. ரீவைண்ட் செய்து ஐந்தாறு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கீழேதான் இருந்தது.

அவர்மேல் இருந்த கோபம் அதனால் போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாடும்போதெல்லாம் அவருடைய கிட்டாரைக் காதில் வாங்கிக்கொண்டே பாடினேன். இரண்டு மூன்று வருடத்தில் என் பாட்டு மாறியதை நானே உணர்ந்தேன். நிகழ்ச்சி முடிந்து எத்தனை பேர் வந்து புகழ்ந்தாலும், அவர் ஏதாவது சொல்கிறாரா என்றுதான் மனம் பார்க்கும். ஒரே ஒரு தடவை, 1994 கிறிஸ்துமஸ் சமயம், வேனில் ஏறும்போது என் பக்கம் பார்க்காமலே, "மூணாவது பாட்டு கொள்ளாம்" என்றார். நன்றாக இருந்தது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து அதை மோகனனிடம் சொன்னேன். இதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று அவர் கேட்டார்.

1995 நவம்பரில் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு நிகழ்ச்சி. எலியா தன் பத்து நிமிட வாசிப்பைத் தொடங்கினார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு வேகமான இடத்தில் இரண்டு ஸ்வரம் தட்டிப்போனது. அவர் கை தவறி நான் கேட்டதே இல்லை. அதே இடத்தைத் திரும்ப வாசித்தார், மறுபடியும் தவறியது. கிட்டாரைக் கழற்றி உறையில் போட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் மேடையை விட்டு இறங்கி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்து போய்விட்டார். கூட்டம் கூச்சல் போட்டது. சதாசிவன் அண்ணன் மைக்கில் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த மாதம் பாறசாலையிலும் இதே நடந்தது. மூன்றாவது நிகழ்ச்சிக்கு அவர் வரவே இல்லை. சதாசிவன் அண்ணன் குளத்தூருக்கு ஆளனுப்பிக் கேட்டார். இந்த மாதிரி ஆட்களுக்கு வாசிக்க இஷ்டமில்லை என்று பதில் வந்தது. சதாசிவன் அண்ணனுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து வேறொரு கிட்டார்காரரைக் கொண்டுவந்தார். அகங்காரம் தலைக்கேறிவிட்டது என்று ஊர் முழுவதும் பேசினார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

1996 ஜூனில் ஒரு மத்தியானம், மூன்று மணி இருக்கும். நாலு மணி பேட்ச் இன்னும் வரவில்லை. இன்ஸ்டிடியூட்டில் நான் மட்டும் ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். எலியா படியேறி வந்தார். வெள்ளை முண்டு, நீலச் சட்டை, கையில் ஒரு குடை. டைப்ரைட்டிங் படிக்க வேண்டும் என்றார். கிண்டல் செய்ய வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். பேர், தகப்பனார் பேர், வயது முப்பத்தைந்து என்று எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தார்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன்.

"ஒரு காரியம் அறியணும். இந்த விரலு கேக்குதா இல்லியான்னு," என்று இடது கையை மேஜைமேல் வைத்தார்.

எனக்குப் புரியவில்லை. மெஷின் முன்னால் உட்காரவைத்து விரல்களை எந்த எழுத்தில் வைக்க வேண்டும் என்று காட்டினேன். இடது கை விரல்கள் நாலையும் வரிசையாக அடிக்கச் சொன்னேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சுண்டுவிரலில் பலமே இருக்காது; எழுத்து மங்கலாக விழும். இவருக்கு நாலு எழுத்தும் ஒரே கறுப்பில் விழுந்தன. பத்து வரி அடித்தார். ஒரு பிழை இல்லை. தாளை உருவி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு கிட்டாரோடு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். உட்கார்ந்து மெதுவாக ஒரு ஸ்வர வரிசை வாசிக்க ஆரம்பித்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சரியாகப் போயின. மோதிர விரல் கம்பியைத் தொடப் போன உடனே உள்ளங்கைக்குள் சுருண்டது. கூடவே சுண்டுவிரலும் மடங்கியது. உள்ளேயிருந்து யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி இருந்தது. கிட்டாரிலிருந்து கையை எடுத்தார். விரல்கள் தாமாக நிமிர்ந்தன. திரும்ப வைத்தார், சுருண்டன. நாலைந்து தடவை அப்படிச் செய்து காட்டினார்.

வலிக்கிறதா என்று கேட்டேன். வலியே இல்லை என்றார். ஒன்றரை வருடமாக இருக்கிறதாம். முதலில் ஒரே ஒரு வேகமான இடத்தில் மட்டும் வந்தது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து, தினமும் ஐந்து மணி நேரம் வாசிப்பதை எட்டு மணி நேரம் ஆக்கினார். அதிகமானது. சோறு உண்ண, எழுத, கிணற்றில் தண்ணீர் கோர எதற்கும் கை மறுப்பதில்லை. கிட்டாரைக் கண்டால்தான் மறுக்கிறது.

சதாசிவன் அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை, எல்லாரும் என்னவெல்லாமோ பேசுகிறார்களே என்றேன்.

"பேசட்டும். கை போச்சுன்னு சொல்லியதெவிட அகங்காரின்னு சொல்லியது எனக்கு நல்லது. நீங்களும் ஆரிட்டயும் சொல்லக்கூடாது."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்னிடம் ஏன் வந்தார் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். விரல் வேலை தெரிந்தவள் என்பதால் வந்திருக்கலாம். அவரை எனக்குப் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால் நான் பரிதாபப்பட மாட்டேன் என்று நினைத்தும் வந்திருக்கலாம். அவர் கணக்கு அந்த இடத்தில் தப்பாகிப்போனது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் என்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். மோகனனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனந்தபாய் அக்காவும் நானும் எலியாவைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கழுத்து எலும்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். நரம்பில் கரண்ட் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். இன்னொரு டாக்டர், மனசில்தான் கோளாறு, கிட்டாரை விட்டுவிட்டு வேறு எதிலாவது கவனம் செலுத்துங்கள் என்றார். குலசேகரம் பக்கம் ஒரு வர்ம வைத்தியர் நாற்பத்தோரு நாள் எண்ணெய் போட்டுத் தடவினார். கை பளபளப்பானது. ஆனந்தபாய் அக்கா உபவாசம் இருந்து ஜெபித்தார். என் பங்குக்கு நான் விரல் பயிற்சி கொடுத்தேன். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் என்றே தனிப் பாடம் தயார் செய்து தினமும் ஒரு மணி நேரம் அடிக்கவைத்தேன். அந்தப் பயிற்சியில் அவர் லோயர் பரீட்சை எழுதி முதல் வகுப்பில் பாஸானார். சர்டிபிகேட் வந்த அன்று கிட்டாரை எடுத்துப் பார்த்தார். மோதிர விரல் அதே மாதிரி உள்ளே போனது.

கடைசியில் ஒரு இளவயது டாக்டர்தான் கிட்டாரைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டச் சொன்னார். முதல் தடவையாக ஒரு டாக்டர் அந்தக் கையை வாசிக்கும்போது பார்த்தார். இதற்குப் பேர் இருக்கிறது என்றார். கையில் பழுதில்லை, மூளையில் விரல்களுக்கான இடம் குழம்பிப்போயிருக்கிறது, ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை நுணுக்கமாகச் செய்கிறவர்களில் சிலருக்கு இப்படி வரும் என்று விளக்கினார். வெளிநாட்டில் ஏதோ ஊசி போட்டுப் பார்க்கிறார்கள், வாசிப்பு திரும்ப வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

எலியா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ, சாதகம் செய்ததுனாலயாக்கும் வந்தது?"

அதுவும் ஒரு காரணம் என்றார் டாக்டர்.

ரயிலில் திரும்பினோம். நெய்யாற்றின்கரையில் நான் இறங்குகிறபோது ஆனந்தபாய் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி ஆருகிட்ட போறது மக்கா?" என்று கேட்டார். நாளைக்குப் பார்ப்போம் என்று ஏதோ சொல்லிவிட்டு இறங்கினேன்.

ட்ரூப்பில் என் நிலைமை இன்னும் கஷ்டமாக இருந்தது. எலியாவைப் பற்றிய பேச்சு வராத நாளே இல்லை. அவர் செய்த அவமதிப்புகளையெல்லாம் ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் பொய் எதுவும் கிடையாது; எல்லாம் நடந்தவைதான். நான் புடவை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருப்பேன். காஞ்சிரங்குளத்தில் அவர் என்னைச் செய்ததைச் சொல்லும்படி கேட்பார்கள். மறந்துபோச்சு என்பேன்.

1997 டிசம்பரில் குளத்தூரிலேயே ஒரு நிகழ்ச்சி வந்தது. கானமேளாவுக்கு நடுவே மிமிக்ரி வைக்கிற வழக்கம் அப்போது பரவியிருந்தது. எங்கள் மிமிக்ரிக்காரர் ஒரு துடைப்பத்தைக் கிட்டார் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார். மூக்கை மேலே தூக்கி நடந்தார். இரண்டு தடவை துடைப்பத்தைத் தடவிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்து, துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கி நடந்தார். யார் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான்காவது வரிசையில் எலியாவின் அப்பா ஈசாக் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதுக்காரர். அவர் மெதுவாக எழுந்து, பக்கத்தில் இருந்தவர்களின் காலை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நகர்ந்து, வெளியே போனார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கவனிக்கவில்லை. அடுத்த பாட்டு என்னுடையது. அன்று எப்படிப் பாடினேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலையில் நான் ஸ்டுடியோவுக்குப் போய் சதாசிவன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதலில் அவர் நம்பவில்லை. அவன் உன்னையும் ஏமாற்றிவிட்டான் என்றார். ஆஸ்பத்திரி சீட்டில் டாக்டர் எழுதிக்கொடுத்ததை நான் டைப் அடித்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெய்யாற்றின்கரையில் மைக்கில் மன்னிப்புக் கேட்டபோது அவனைப் பற்றி நான் என்னவெல்லாம் சொன்னேன் பிரேமா என்றார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால்தான் அதற்குப் பிறகு நடந்தது நடந்தது.

ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ரெத்தினதாஸ் ஆப்பிள் வாங்கிக்கொண்டு குளத்தூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மிமிக்ரிக்காரர் ஈசாக் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். சபையில் எலியாவின் கைக்காகப் பேர் சொல்லி ஜெபித்தார்கள். 1998 பிப்ரவரியில் ட்ரூப்பின் பத்தாவது ஆண்டுவிழா. அதில் எலியாவைக் கௌரவிக்க வேண்டும் என்று சதாசிவன் அண்ணன் தீர்மானித்தார். மேடைக்கு அழைத்து சால்வை போட்டு, நினைவுப்பரிசு கொடுப்பதாக ஏற்பாடு. எலியா வர மாட்டேன் என்றார். அப்பா ஈசாக்தான், எனக்காக ஒரு தடவை வா மக்கா என்று கேட்டாராம். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அறிவிப்பாளர் மைக்கில் பேசினார். விதி ஒரு கலைஞனின் விரல்களைப் பறித்துக்கொண்டது என்று குரலைத் தழுதழுக்க வைத்துப் பேசினார். கீழே பெண்கள் ஐயோ பாவம் என்றார்கள். சிலர் அழுதார்கள். எலியா மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையை முண்டின் மடிப்புக்குள் வைத்திருந்தார். சால்வை போட்டபோது எழுந்து குனிந்து கொடுத்தார். பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். "நன்றி" என்றார். அவர் மேடையில் நின்று கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். கைதட்டல் அடங்க நேரமானது. பத்து நிமிடம் வாசித்த நாட்களில்கூட அவ்வளவு பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை.

மறுநாள் மத்தியானம் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க வாக்கு தந்தீங்க."

"தந்தேன் அண்ணே."

"சாயாக் கடையில ஒரு கிளாஸ் எடுத்தா ஆளுக கையெப் பாக்கியாவு. சரியா பிடிச்சிருக்கேனான்னு பாக்கியாவு. சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கியாவு. முன்னால ஒருத்தனுக்கும் என் முகத்தெப் பாக்கத் தைரியம் கிடையாது."

"உங்க அப்பா எழுந்து போனதெ நான் கண்டேன். அதுக்குப் பிறகு சொல்லாம இருக்க எனக்கு முடியல்ல."

வெளியே கோர்ட்டிலிருந்து ஆட்கள் வெளிவருகிற சத்தம் கேட்டது.

"அப்பாவுக்கு இப்போ சந்தோஷம் உண்டு," என்றார். "நேத்து ராத்திரி நல்லா உறங்கினாரு. அது எனக்கும் தெரியும். ஆனா என்கிட்ட கேட்டுட்டு செய்திருக்கணும் பிரேமகுமாரி."

கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். வேண்டாம் என்று சொன்னபிறகு நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் படியிறங்கிப் போனார். அதோடு இன்ஸ்டிடியூட்டுக்கு வருவதை நிறுத்தினார்.

அந்த வருடம் முழுவதும் நான் அவரை இரண்டு தடவைதான் கண்டேன். ஒரு தடவை நெய்யாற்றின்கரை சந்தையில். மீன்காரப் பெண் ஒருத்தி காசு வாங்காமல் ஒரு பொதி மீனை நீட்ட, அவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இன்னொரு தடவை பஸ்ஸில், நின்றுகொண்டு வந்தார். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அது அவர் இறங்க வேண்டிய இடம் அல்ல.

1999 ஜூனில் ஈசாக் இறந்துபோனார். அடக்கத்துக்கு நானும் மோகனனும் போயிருந்தோம். ட்ரூப்பில் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆட்கள் எலியாவிடம் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. யாரையாவது முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பமாட்டாரா என்று இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள், பாறசாலை ஸ்டேஷனில் என் தம்பியை வண்டியேற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பகல் பன்னிரண்டு மணி வெயில். பிளாட்பாரத்தில் ஒரு தகரப் பெட்டிமேல் ஆனந்தபாய் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணி சுற்றிய தையல் மெஷின் தலை. எலியா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்காவுக்குத் தையல் வேலை கிடைத்திருக்கிறது, எலியாவுக்கும் அங்கேயே ஸ்டோரில் சரக்கு எழுதுகிற வேலை என்று அக்கா சொன்னார். திருவனந்தபுரம் போய் அங்கிருந்து ரயில் மாற வேண்டும். திருப்பூரில் தமிழ் பேசுவதில் பிரச்சினை இருக்காது, ஆனால் நம்ம பேச்சைக் கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது என்றார்.

கிட்டார் எங்கேயும் தென்படவில்லை. கேட்கவும் துணியவில்லை.

எலியா என் பக்கம் வந்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"இப்பவும் பாடுதீங்களா?"

"பாடுதேன் அண்ணே. முன்ன மாதிரி புரோகிராம் இல்ல. மாசத்துல ஒண்ணோ ரெண்டோ."

அவர் தலையாட்டினார். அந்த மெஷினைச் சுற்றியிருந்த துணியை அவர் விரலால் காட்டினார்.

"அது என்ன துணின்னு மனசிலாச்சா? சதாசிவன் போட்ட சால்வ. நல்ல கட்டியான துணியாக்கும். அக்காளுக்கு உபகாரப்படுது."

அவர் சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனந்தபாய் அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்; சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்களுடைய கிட்டாரைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பாடக் கற்றுக்கொண்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருந்தேன். அந்தக் காஞ்சிரங்குளம் கேசட்டைப் பற்றி, அவர் சொன்னது சரிதான் என்பதைப் பற்றி. இப்போது சொன்னால் அதையும் இன்னொரு அனுதாபம் என்று எடுத்துக்கொள்வாரோ என்று தோன்றியது. மேடையில் அறிவிப்பாளர் சொன்னதற்கும் நான் சொல்லப்போவதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் நிற்கும்போதே பாசஞ்சர் வந்துவிட்டது.

தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்றார். இரண்டு கையாலும் தூக்கித் தானே உள்ளே ஏற்றினார். மெஷினையும் ஏற்றினார். அக்கா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, போயிட்டு வாறோம் மக்கா, திருப்பூர் விலாசம் எழுதிப் போடுதேன் என்றார். எலியா அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வண்டி நகர்ந்தது. பத்திரமாகப் போங்க என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியாது.

அக்காவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. வேலை பரவாயில்லை, தண்ணீர்தான் உப்பு, தம்பி நல்லபடியாக வேலைக்குப் போகிறான் என்று எழுதியிருந்தார். கிட்டாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் பதில் எழுதும்போது எலியாவுக்கென்று தனியாக ஒரு தாள் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும், எல்லாரும் உங்களை விசாரித்தார்கள் என்பதற்கு மேல் போகவில்லை. அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அக்காவுக்கு எழுதியதை மட்டும் தபாலில் சேர்த்தேன்.